கும்பகோணத்தில் வாங்கிய கோரைப்பாய்

கும்பகோணத்துப் பாய்க்கடை ஒன்றில் சென்ற சித்திரையில் 650 ரூபாய்க்கு வாங்கிய, இருவர் படுக்கும் அளவுள்ள கோரைப்பாயைப் பற்றிய மதிப்புரை இது. முசிறிப் பக்கத்துக் காவிரிக்கரையில் விளைந்த கோரை என்றார் கடைக்காரர்.

கோரையைப் புல் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது சைப்பரேசி என்னும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுடன் உள்ளே கூடாக இருக்க, கோரைத்தண்டு முப்பட்டையாய், கணுவின்றி, சோறு எனப்படும் வெண்ணிற மென்திசுவால் நிரம்பியிருக்கும். மண்ணுக்குள் படரும் கிழங்குத்தண்டிலிருந்து அறுக்க அறுக்கத் துளிர்ப்பதால், ஒருமுறை நட்ட வயல் பல ஆண்டுகள் பயன் தருகிறது. (நெல்வயலில் நாம் சபித்துக்கொண்டே பிடுங்கும் கோரைக்கிழங்கும் இதே பேரினந்தான்.)

தண்டை மெல்லியதாகக் கீறி நன்கு உலர்த்தியிருந்ததால், பாய் முதுகில் உறுத்தவில்லை. கோடை இரவுகளில் மெத்தையைவிட இதுவே எனக்குச் சுகமாக இருந்தது. ஆனால் ஓரக்கட்டு மூன்றே மாதத்தில் தளர்ந்துவிட்டது. சிவப்புச் சாயம் ஈரம் பட்டதும் வேட்டியில் ஒட்டியது. ஐப்பசி அடைமழையில் சுருட்டி வைத்தபோது பூசணம் பூத்தது கடையின் குற்றமன்று. சாயமிடாத பாய் கிடைத்தால் அதே கடையில் மீண்டும் வாங்குவேன்.