‘சுத்த பிபிடி’ என்று விற்கும் வெள்ளை கீகேப்: சாயத்தில் போடும் முன் உப்புத் தண்ணீரில் போடுங்கள்

கீபோர்டு கீகேப்களுக்கு, அதாவது நாம் விரலால் தட்டும் சாவி மூடிகளுக்கு, வீட்டிலேயே சாயம் ஏற்ற நினைப்பவர்கள் கவனிக்க. ‘சாயம் ஏற்றுவதற்கென்றே தயாரித்த சுத்த பிபிடி’ என்ற விளம்பரத்தோடு ஒருவர் இணையத்தில் விற்கும் எழுத்தில்லாத வெள்ளை கீகேப்கள் பிபிடி என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் கிடையாது. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக். சாயம் ஏறும் சூட்டை அவை தாங்காமல் கோணிக்கொள்கின்றன. பணத்தைக் கேட்டால், வெந்நீரில் போட்டது உங்கள் குற்றம் என்று பதில் வருகிறது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்படிப்பட்டவர்கள் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். சரக்கை அடையாளம் காணத் தெரிந்தால்தான் தப்பிக்க முடியும்.

என் மேசைமேல் பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டு விரித்திருக்கிறேன். கீபோர்டும் மவுஸும் அதன்மேல்தான். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஓடும் அடர்பச்சைப் பட்டைதான் அதில் எனக்குப் பிடித்தது. கீபோர்டையும் அதே பச்சைக்கு மாற்ற ஆசைப்பட்டேன். அந்தப் பச்சையில் ஆயத்தமாக எந்த கீகேப்பும் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஒன்று புதினா, இல்லை ராணுவப் பச்சை. பவானியின் பெயரிலேயே விசைத்தறிப் போலி விற்கும் காலத்தில், கைத்தறிதானா என்று நான்கு முறை கேட்டு வாங்கியவன் நான். கீகேப்பிலும் அப்படித்தான் கேட்டேன். ‘முழுக்க பிபிடிதானே, சாயம் ஏற்றலாமா’ என்று விற்பவருக்கு எழுதினேன். ‘நூறு சதவீதம் சார், தாராளமாக ஏற்றலாம்’ என்று பதில் வந்தது. அந்த உரையாடல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பிபிடி ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட் என்பது அதன் முழுப்பெயர். பாலியஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் பாலியஸ்டர் துணிக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் இதிலும் ஏறும். இந்தச் சாயம் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. மிக நுண்ணிய துகளாகப் பரவி நிற்கும். சூடேறி பிளாஸ்டிக் உள்ளுக்குள் நெகிழும்போது அதில் புகுந்துகொள்ளும். சாயப்பட்டறைகளில் பாலியஸ்டருக்கு அழுத்தக் கலன் வைத்து 130 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். வீட்டு அடுப்பில் அது நடக்காது. 90 டிகிரிக்குச் சற்று மேலே, தளதளவென்று கொதிக்கவிடாமல், பொறுமையாக வைத்திருக்க வேண்டும். பிபிடி உருகுவது சுமார் 223 டிகிரியில் என்பதால் இந்தச் சூட்டில் அதற்கு ஆபத்தில்லை. ஏபிஎஸ் சுமார் 105 டிகிரியிலேயே இளகிவிடும். சுவர் மெல்லியதாகவும், வார்க்கும்போது அவசரமாகக் குளிரவைத்த இறுக்கம் உள்ளே தங்கியும் இருந்தால், அதற்கு முன்பே வளைய ஆரம்பிக்கும்.

கடைகளில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும் சாயப்பொடி பலவும் பருத்திக்கானது. அது பிபிடியில் ஒட்டாது, கழுவினால் போய்விடும். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் தெருவில் டையிங் மாஸ்டராக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஜமக்காளத் துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இதற்குப் பச்சை மட்டும் போட்டால் பளபளவென்று அடிக்கும், கொஞ்சம் கறுப்பு சேர்க்க வேண்டும் தம்பி’ என்று சொல்லி, டிஸ்பர்ஸ் பொடியை அவரே நிறுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு வெள்ளைப் பாலியஸ்டர் துணித்துண்டையும் கொடுத்து, கீகேப்போடு சேர்த்துப் பாத்திரத்தில் போடச் சொன்னார். சாயம் சரியாக வேலை செய்கிறதா என்பதற்கு அது சாட்சியாம். பிறகு எனக்கு ஆதாரமாக நின்றது அந்தத் துணித்துண்டுதான்.

பழைய எஃகுப் பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினேன். சாயம் காய்ச்சிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது. கீகேப்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வடிகட்டியில் போட்டு இறக்கினேன். வெப்பமானி 92 காட்டியது. சிறிது நேரத்தில் துணித்துண்டு ஜமக்காளப் பச்சைக்கு அப்படியே வந்துவிட்டது; அண்ணனின் கணக்கு அவ்வளவு துல்லியம். கீகேப்களோ ஓரத்தில் ஒரு பச்சை, நடுவில் ஒரு பச்சை என்று பாசி படர்ந்த மாதிரி வெளியே வந்தன.

நிறம்கூடப் போகட்டும். ஸ்பேஸ்பாரை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன். இரண்டு முனையும் தரையைத் தொட, நடுவில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழைந்து வெளியே வந்தது. சின்னச் சாவிகளில் கோணல் வெளியே தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிந்தது. கீகேப்புக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்சின் தண்டு நுழையும் கூட்டல்குறி வடிவத் துளை பலவற்றில் ஒருபக்கமாக அமுங்கியிருந்தது. சிலவற்றை அழுத்தினால் உள்ளே போகவில்லை. ஒன்று கஷ்டப்பட்டுப் போய் உட்கார்ந்தது. கழற்ற இழுத்தபோது ஸ்விட்ச்சின் மேல்மூடியும் தண்டுமாகச் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த நிலைக்கு வந்த கீகேப்பை யாரும் வலுக்கட்டாயமாக மாட்டிப் பார்க்காதீர்கள். கீகேப்போடு கீபோர்டும் போகும்.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் பதில்: ‘சார், நீங்கள் கொதிக்கவைத்துவிட்டீர்கள்.’ அவருடைய விளம்பரத்தையே அவருக்கு அனுப்பினேன். இரண்டாவது பதில்: ‘பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம்.’ பயன்படுத்தாமல் எப்படி ஐயா தெரியும் என்று கேட்டதற்கு, தொனி மாறியது. ‘இது பிபிடி, ஏபிஎஸ் கலவை சார். கலவையையும் பிபிடி என்றுதான் எல்லோரும் விற்கிறார்கள்.’ கடைசியில், நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருவதாகப் பேரம். மறுத்துவிட்டேன்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருள் பொய் என்று காட்டிக்கொடுப்பது சூடு. சூட்டில் போட்டால் பொருள் கெட்டுவிடும். கெட்ட பொருளைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். சாயம் ஏற்றாமல் அப்படியே மாட்டிக்கொள்பவருக்கோ, சில மாதம் கழித்து விரல் படும் இடம் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும்போதுதான் சந்தேகமே வரும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துபோயிருக்கும். ஆகவே பொருளுக்குச் சேதமில்லாத சோதனை ஒன்று வேண்டும். அது நம் சமையலறையிலேயே இருக்கிறது.

விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரைப் பிரிப்பார்களே, அதே முறைதான். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி சுமார் 1.05, பிபிடியின் அடர்த்தி சுமார் 1.31. வெறும் தண்ணீரில் இரண்டுமே மூழ்கும், அதில் சோதித்துப் பயனில்லை. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு புதிய முட்டையைப் போட்டால் மேலே மிதந்து, நாலணா அளவுக்கு ஓடு வெளியே தெரிய வேண்டும். விதைநெல்லுக்கும் அதே பதம்தான். முட்டையை எடுத்துவிட்டு கீகேப்பைப் போடுங்கள். உட்குழிவில் காற்றுக் குமிழி தங்கினால் எதுவுமே மிதக்கும். அதனால் தண்ணீருக்குள்ளேயே திருப்பி, விரலால் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. பிபிடி என்றால் நேராக அடியில் போய் உட்காரும். ஏபிஎஸ் என்றால் எத்தனை முறை அமுக்கினாலும் மேலே வரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தால், பொருள் வந்தபடியே இருக்கும்.

மூழ்கியதால் பிபிடி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பாலிகார்பனேட்டும் அந்தத் தண்ணீரில் மூழ்கும். மிதந்தால் அது பிபிடி இல்லை என்பது மட்டும் உறுதி.

என் கீபோர்டு எண்பத்தேழு சாவி உள்ளது. வந்த பொட்டலத்தில் நூற்று நான்கு. எண் பகுதிக்கான பதினேழும் சாயத்தைத் தொடாமல் மிச்சம் இருந்தன. அத்தனையையும் உப்புத் தண்ணீரில் விட்டுக் காணொளி எடுத்தேன். பதினேழும் மிதந்தன. கூடவே ஒரு பழைய கீபோர்டில் இருந்து எடுத்த உண்மையான பிபிடி சாவியையும் போட்டேன். அது மட்டும் கீழே கிடந்தது. கலவை என்ற சமாதானத்தையும் இது உடைத்துவிட்டது. அந்தத் தண்ணீரில் மிதக்க வேண்டுமென்றால் பெரும்பங்கு ஏபிஎஸ்ஸாகத்தான் இருக்க முடியும்.

சொரசொரப்பாக இருந்தால் பிபிடி, தட்டினால் கனத்த சத்தம் வந்தால் பிபிடி, சுவர் தடிமனாக இருந்தால் பிபிடி என்று விமர்சனக் காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். சொரசொரப்பு வார்க்கும் அச்சில் இருந்து வருவது. ஏபிஎஸ்ஸிலும் அதைக் கொண்டுவரலாம். தடிமனும் அப்படித்தான். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியை உட்புறத்தில் தொட்டுவைத்தால் ஏபிஎஸ் பிசுபிசுத்துக் கரையும், பிபிடி அசையாது. நல்ல சோதனைதான், ஆனால் தழும்பு விழும். திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம். எரித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. ஏபிஎஸ் கரும்புகை கக்கும், அந்த நாற்றம் உடம்புக்கு ஆகாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பயன்படுத்திய பொருள்’ என்ற ஒரு வார்த்தையிலேயே பலர் அடங்கிப்போய்விடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. விற்பனைத் தளம் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்டார்கள். அப்படிக் கேட்பார்கள் என்பதை நம்பித்தான் அந்த ஆள் கடை நடத்துகிறார்.

பாக்கி பிபிடி விற்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லவரவில்லை. நேர்மையான செட்டிலும் ஸ்பேஸ்பார் மட்டும் ஏபிஎஸ்ஸாக இருப்பதுண்டு. பிபிடி ஆறும்போது அதிகம் சுருங்கும். அவ்வளவு நீளத்துக்கு நேராக வார்ப்பது சிரமம். அதை முன்கூட்டியே சொல்லி விற்கிறார்கள், நாமும் ஸ்பேஸ்பாருக்கு வேறு நிறம் யோசித்துக்கொள்கிறோம். சொல்லாமல் விற்பதுதான் மோசடி. வாங்கும் முன் ஸ்பேஸ்பாரைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள், தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள்.

நான் வாங்கிய சரக்கின் அடையாளம் இது: முத்திரையோ பெட்டியோ இல்லாத ஒளிபுகும் பிளாஸ்டிக் பை, மேலே வெள்ளை ஒட்டுத்தாளில் ‘பிபிடி பிளாங்க் 104’ என்று மட்டும் அச்சு, ஒவ்வொரு சாவியின் உட்புறத்திலும் வார்ப்புப் புள்ளி (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் புகுந்த இடம்) சீவப்படாமல் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு விளம்பரத்தின் படம், உரையாடல், பச்சையேறிய துணித்துண்டு, உப்புத் தண்ணீர்க் காணொளி நான்கையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. இதே பையை வாங்கியவர்கள் இருந்தால், சாயத்தில் போடாமல், கெடு முடிவதற்குள் முட்டையையும் உப்பையும் எடுங்கள்.