லெட்ச்வொர்த் பூங்கா: தெற்கு வாசலுக்குப் போங்கள்

நயாகராவுக்கு இரண்டு முறை போயும், அதே நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் இந்த லெட்ச்வொர்த் பூங்காப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த முறை ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள், பஃபலோவிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தானே என்று அக்டோபர் நடுவில் கிளம்பிவிட்டோம்.

பூங்கா 17 மைல் நீளம். ஜிபிஎஸ்ஸில் பெயரை மட்டும் போட்டதில் வடக்கே மவுண்ட் மாரிஸ் வாசலில் போய் நின்றோம், மூன்று பெரிய அருவிகளோ தெற்குக் கோடியில்! உள்ளேயே அரை மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்தோம். வழியெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள், ஓரத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தால் ஜெனசி ஆறு பாறையை அறுத்துக்கொண்டு எங்கோ கீழே ஓடுகிறது, சில இடங்களில் 500 அடிக்கு மேல் ஆழம். அதனால் திட்டவும் முடியவில்லை. ஆனால் அரிசோனாவின் அந்தப் பிரம்மாண்டப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டு இதை 'கிழக்கின் கிராண்ட் கேன்யன்' என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

மூட்டு வலிக்காரர்களுக்கு நல்ல செய்தி, மேல் அருவியையும் நடு அருவியையும் பார்க்க அதிகம் நடக்க வேண்டாம், கார் நிறுத்தும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. நடு அருவி 107 அடி உயரம், சாரல் நம் மேலேயே அடிக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கீழ் அருவிக்கு மட்டும் நிறையப் படி இறங்க வேண்டும், ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனாலும் விடாதீர்கள். 1930களில் கட்டிய கல் பாலம் ஒன்று ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிறது, அதன் மேல் நின்றால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் நாம். அங்கிருந்து மேல் அருவி வரை பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே நடந்தேன். முழுப் பாதை ஒரு வழிக்கே 7 மைல், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஈர இலை வழுக்குகிறது, தடுப்புச் சுவரும் பல இடங்களில் உயரமில்லை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் கையை விடாதீர்கள். நான் தேய்ந்த ஷூவோடு போய் ஒரு முறை உட்கார்ந்தே விட்டேன்.

சாப்பாடு எடுத்துப் போவது உத்தமம், கல் மேசைகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் எலுமிச்சை சாதம் கட்டிப் போனோம். மேல் அருவிக்கு நேர் மேலே ரயில் பாலம், 2017இல் திறந்தது. ரயில் வராமல் நகர மாட்டேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம். கடைசியில் சரக்கு ரயில் வந்தபோது அவர் ஃபோனில் சார்ஜ் இல்லை.