டப்பாவா, மெஸ்ஸா? ஒரு மணிச் சாப்பாட்டுக் கணக்கு

"வெளியில சாப்பிட்டே மாசம் எவ்வளவு காசு போகுது தெரியுமா?" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் காலை கேட்டார். அப்போது அவர் கையில் காபி, என் கையில் கரண்டி. கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? அன்று ராத்திரியே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன்.

எனக்கு வேலை கிண்டி தொழிற்பேட்டையில். 1958-ல் வந்த பேட்டை. இப்போது பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துவிட்டன. ஆனாலும் ஒரு மணி ஆனால் சந்துக்குச் சந்து சாம்பார் மணக்கும். நான் போகும் மெஸ்ஸில் சாப்பாடு 110 ரூபாய். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்பதால் மாதத்துக்கு 24 நாள், ஆக 2,640. வீட்டு டப்பாவுக்கு அரிசி, பருப்பு, காய், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 40 ரூபாய் வைத்தேன், மாதம் 960. மிச்சம் 1,680. அவருக்கும் அதே மிச்சம் என்றால் இரண்டு பேருக்கும் 3,360.

இது வரைக்கும் அவர் சொன்னது சரி. அவர் கணக்கில் வராதது, காலையில் நான் அடுப்படியில் நிற்கும் ஐம்பது நிமிஷம். 24 நாளுக்கு 20 மணி நேரம். 3,360-ஐ இருபதால் வகுத்தால் மணிக்கு 168 ரூபாய் கூலி. மோசமில்லை. ஆனால் ஒரே ஒரு டப்பா கட்டினாலும் அடுப்பு எரிகிற நேரம் பெரிதாகக் குறையாது. அப்போது கூலி 84 ஆகிவிடும். அதனால் டப்பா லாபமா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை டப்பா, யார் கட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டும். வேளச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு கட்டுக் கீரை வாங்கினால் பாதியைக் குப்பையில் போடுகிற பிள்ளைகளுக்கு மெஸ்தான் சிக்கனம். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாக வந்தது. எங்கள் வீட்டில் அந்த 97-ம் அப்போது கிடையாது.

இந்தக் கணக்கையே கவிழ்க்கிற ஒன்று உண்டு: அம்மா உணவகம். 2013-ல் தொடங்கியபோது வைத்த விலைதான், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். எட்டு ரூபாயோடு எந்த வீட்டு டப்பாவும் போட்டி போட முடியாது. ஆனால் பொரியல், கூட்டு என்று எதையும் தேடக் கூடாது. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். மாதக் கடைசியில் நானும் போயிருக்கிறேன், வெட்கமெல்லாம் இல்லை. மறுகோடியில் இருப்பது செயலியில் ஆர்டர் போடுவது. கடையில் இருப்பதைவிடக் கூடுதல் விலை, பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம், அதன் மேல் வரி. அதை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அது சாப்பாட்டுச் செலவு இல்லை, சோம்பல் செலவு.

ருசிக்கு வருவோம். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். வீட்டுச் சாப்பாடு நல்லது என்பது அடுப்பிலிருந்து இறக்கிய சாப்பாட்டுக்குப் பொருந்தும். ஏழு மணிக்கு மூடி, கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் நசுங்கி வந்து, ஒரு மணிக்குத் திறக்கும் சாப்பாடு வேறு ஜாதி. சோறு வெந்தாலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. சூடாக அடைத்த டப்பா மெதுவாக ஆறும் அந்த வெதுவெதுப்பில்தான் அவை பெருகும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரத்தி ஆற வைத்துக் கட்டுகிற பழக்கம் சும்மா வந்ததில்லை. முதலில் ஊசிப்போவது தேங்காய். தேங்காய் அரைத்த கூட்டைச் சித்திரை மாதத்தில் கட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்ததும் நூல் விட்டதைப் பார்த்தவள் நான். புளிப்பு ஏறியது மட்டும் தாங்கும். புளியோதரை ஒரு மணிக்குத்தான் ருசிக்கும். தயிர் சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிரை உறைக்கு விடுகிற அளவு கலந்தால், ரயில் கிண்டி போய்ச் சேர்ந்து சாப்பாட்டு வேளை வருவதற்குள் அதுவே பதமாகத் தோய்ந்திருக்கும்.

சாம்பார், ரசம், அப்பளம் மூன்றிலும் மெஸ்ஸை டப்பா ஜெயிக்கவே முடியாது. ஆறின ரசத்தை எதில் சேர்ப்பது? அப்பளத்தைக் காலையில் பொரித்துக் கொண்டுபோனால் மதியம் அது துணி. ஆனால் மெஸ்ஸில் இலையில் விழுவது மலையளவு சோறு, கரண்டி நுனியளவு பொரியல். மூன்று மணிக்கு வவுச்சர் மேலேயே தூங்கி வழிவதற்கு அதுதான் காரணம். டப்பாவில் இந்த விகிதம் நம் கையில்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்களுக்கு அரை மணி இடைவேளை. மெஸ்ஸுக்குப் போக வர பத்து நிமிஷம், இடம் பிடிக்க ஐந்து. நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்று நம் மோர்ச் சாதத்தை எண்ணிக்கொண்டிருப்பார். தனியாகப் போகும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பது முன்பைவிடக் குறைந்திருக்கிறது; போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அதற்காக ஆபீஸ் சாப்பாட்டு அறை சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். நான் முன்பு இருந்த ஓர் ஆபீசில் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு அக்கா கருவாட்டுத் தொக்கைத் தயிர் சாதத்துக்கு அடியில் புதைத்துக் கொண்டுவருவார். அவர் டப்பாவைத் திறக்கும் நேரம் தெரிந்து நாங்கள் நான்கு பேர் ஜன்னல் பக்கம் போய் உட்காருவோம். மெஸ்ஸில் மீன் குழம்பை யாரும் ஒளிக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. திங்கள் முதல் புதன் வரை டப்பா, பெரும்பாலும் கலந்த சாதம். வியாழன் மெஸ், அன்று அங்கே வத்தக்குழம்பு. வெள்ளி வீட்டிலிருந்து வெறும் சாதம் மட்டும். குழம்பும் கூட்டும் மெஸ்ஸில் பார்சல், 50 ரூபாயில் முடிகிறது. இரண்டு பேர் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை டப்பா கட்டுவது வீட்டுக்காரர் முறை. எலுமிச்சை சாதம் தவிர அவருக்கு வேறு எதுவும் வராது. தொட்டுக்க என்ன என்று நான் கேட்கக் கூடாது, உப்பு குறைவு என்றால் திங்கட்கிழமைதான் சொல்ல வேண்டும் என்று பேச்சு.