மலைநாட்டில் முதல் பைக்: ஏறுமா என்று பார்க்காதீர்கள், இறங்குமா என்று பாருங்கள்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வீடு, ஹட்டனில் டிப்ளோமா படிப்பு. 2023இல் இருந்து பஜாஜ் டிஸ்கவர் 125 ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு வரும்போதே அது பழைய வண்டி. படிப்பு முடியப்போகிற நேரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, “அண்ணே, என்ன பைக் எடுக்கலாம்?” என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வியும் எல்லாருக்கும் ஒன்றுதான்: “மேடு ஏறுமா?”

ஏறும். நல்ல நிலையில் உள்ள ஒரு நூறு சிசி வண்டி முதல் கியரில் எங்கள் தோட்டத்து மேட்டை ஏறிவிடும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கத் தெரியாத வண்டிதான் நிற்காது. மூன்று மழைக்காலம் ஓட்டிய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றைத்தான்.

முதலில் காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்குகளின் விலை ஏறிக்கொண்டே போனது. நான் தேடிய நேரத்தில், ஷோரூமில் புதிதாக எடுத்த விலையைவிட அதிகம் கேட்டுத்தான் பழைய வண்டிகளை விற்றார்கள். என் வண்டிக்கு மூன்றரை இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போனது. அன்றைக்குக் கொழுந்து எடுப்பவர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு ‘பேர்’ என்போம். அதாவது அம்மா முந்நூற்றைம்பது பேருக்கு மேல் போட்டால்தான் ஒரு பழைய பைக். அரை நாள் சம்பளமான அரைப்பேர் விழுந்த நாட்களைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் கூடும். அம்மாவின் சீட்டுப் பணமும், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நான் சேர்த்ததும், மாமா கைமாற்றாகத் தந்ததும் சேர்ந்துதான் அது வந்தது. தவணையில் கட்டும் லீசிங் பக்கம் போகவில்லை. மாதச் சம்பளம் இல்லாத மாணவன் லீசிங் எடுத்தால் கட்டப்போவது வீட்டில் உள்ளவர்கள்தான், அதுவும் வட்டியோடு. கொஞ்சம் பொறுத்து, கையில் உள்ள காசுக்கு வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெட்ரோல் லீட்டர் 470 ரூபாய்க்குப் போனதை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. பிறகு பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர்தான். 2023 மே முடிவில் அது 14 ஆகி, செப்டம்பரில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் மனதில் இருந்ததால், தேடும்போது நானும் லீட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான் பெரிதாகப் பார்த்தேன். பஜாஜின் சிடி100, பிளட்டினா இரண்டும் அந்தக் கணக்கில் முன்னுக்கு நிற்பவை. பல்சர் 150, யமஹா எஃப்இசட் மாதிரி வண்டிகளுக்குப் பெட்ரோலும் கூட, டயரும் விலை. ஹோண்டா சிடி125 எங்கள் பக்கம் பெரியவர்கள் உயிராக வைத்திருக்கும் வண்டி. இரண்டு சிலிண்டர், சத்தமே மரியாதையாக இருக்கும். ஆனால் வயதாகிவிட்ட ஜப்பான் வண்டிக்குச் சாமான் தேடி அலைய ஒரு மாணவனுக்கு நேரம் கிடையாது. டிஸ்கவருக்கோ தலவாக்கலையிலும் சாமான் கிடைக்கும், ஹட்டனிலும் கிடைக்கும். அதன் எஞ்சினை அவிழ்த்துப் பூட்டாத கராஜ் இந்தப் பக்கம் இல்லை. கடைசியில் என்னை இழுத்தது முன் சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக். இந்த மொடலில் டிரம் பிரேக்கோடு வந்ததும் உண்டு, டிஸ்க்கோடு வந்ததும் உண்டு. டிஸ்க் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குப் போனால் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். அவ்வளவு தூரமும் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே போனால் சூடு ஏறிக்கொண்டே போகும், ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது. டிரம் பிரேக்கில் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஒரு கட்டத்தில் மிதியைக் கீழே வரை அழுத்தினாலும் வண்டி பிடிக்காது. டிஸ்க் வெளியே காற்றுப் படும்படி இருப்பதால் சீக்கிரம் ஆறும், மழையில் நனைந்தாலும் இரண்டு பிடியில் காய்ந்துவிடும். ஆனால் டிஸ்க் இருக்கிறது என்பதற்காக அதையே நம்பி இறங்கவும் கூடாது. இறக்கத்தில் வண்டியைப் பிடிக்க வேண்டியது எஞ்சின்.

பஸ், லொறி ஓட்டும் பெரியவர்கள் சொல்வார்கள்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. பைக்குக்கும் அதேதான். எங்கள் தோட்டத்துக் கொங்ரீட் பாதையில் நான் இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சைத் தொடாமல், எக்ஸலேட்டரை முழுதாக விட்டுவிடுவேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு பிடி, அப்புறம் விட்டுவிடுவது. ஐந்து கியர் உள்ள 125இன் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது. எந்தச் சரிவுக்கும் பொருத்தமான ஒரு கியர் அதில் இருக்கும்.

ஸ்கூட்டரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். டவுனுக்குள் ஓட அதைவிட இலகுவான வண்டி இல்லை. ஆனால் அதில் நாமே கியரைக் குறைக்க வழி இல்லை. வேகம் மிகவும் குறைந்ததும் கிளச் தானாக விட்டுவிடும், அதோடு எஞ்சினின் பிடியும் போய்விடும். சக்கரமும் சின்னது. நுவரெலியா டவுனில் வீடும் வகுப்பும் இருந்தால் ஸ்கூட்டர் எடுங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை மாதிரி நாளும் ஏறி இறங்கும் பாதையில் இருந்தால் கியர் வண்டிதான் என் பேச்சு.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. எக்ஸலேட்டரை விட்ட நிலையில் எஞ்சின் குடிப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக, மொத்தப் பாரத்தையும் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்த இறக்கத்தில் இரண்டு சக்கரத்தில் நியூட்ரலில் போகிறவர்களை இன்றும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

ஆகவே பழைய வண்டி பார்க்கப் போனால் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் மிதியிலிருந்து ஒரு கம்பி பின் டிரம்முக்குப் போகும். அதன் நுனியில் மரை வெட்டியிருக்கும், அதில் முறுக்கும் நட் ஒன்று இருக்கும். பிரேக் சூ தேயத் தேய அந்த நட்டை உள்ளே முறுக்கிக்கொண்டே போவார்கள். நட்டுக்கு வெளியே நீளமாக மரை நீட்டிக்கொண்டிருந்தால் சூ முடியப்போகிறது என்று பொருள். முன் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுங்கள். வரப்பு மாதிரித் தட்டினால் தட்டு தேய்ந்துவிட்டது. முன் சொக்கில் (அதிர்வு தாங்கியில்) ஒயில் கசிகிறதா என்றும் பாருங்கள், அது வழிந்து டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். அதற்குப் பிறகு, விற்பவரிடம் கேட்டு ஒரு நல்ல இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். சமதரையில் ஓட்டிக் காட்டுகிற வண்டியில் எதுவும் தெரியாது.

வண்டியின் பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனைச் சான்று, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், அது நீங்கும்வரை காசு கொடுக்காதீர்கள். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் வாங்கி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. வேண்டாம், உடனே பெயருக்கு மாற்றிவிடுங்கள். லைசன்ஸில் ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். 125 ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். விண்ணப்பிக்கும்போதே ஏ போடுங்கள்.

ஓட்டிப் பார்த்த கணக்கு: லீட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. சமதரையில் ஓட்டும் நண்பர்கள் ஐம்பதுக்கு மேல் சொல்கிறார்கள். இங்கே அது நடக்காது, பாதி நேரம் இரண்டாம் மூன்றாம் கியரில்தான் போகிறோம். நுவரெலியா உயரத்தில் காற்றின் அழுத்தமும் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் ஊற்றும், அது பாட்டுக்குக் கரி பிடிக்கும். கராஜ் அண்ணன் காற்றுத் திருகைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்து கொடுத்தார். அதன் பிறகு கறுப்புப் புகையும் இல்லை, மேட்டில் திணறலும் இல்லை. கொழும்பிலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ வண்டி வாங்கி வருகிறவர்கள் வந்ததும் இதைச் செய்யுங்கள். எஃப்ஐ வண்டி (கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து தெளிப்பது) என்றால் அது தானே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, இந்த எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இரண்டு. ஒன்று கண்ணுக்கு முன்னால் இருக்கும், மற்றது மறுபக்கம். மாற்றும்போது இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஜனவரிக் குளிரில், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில், சோக் இழுக்காமல் ஸ்டார்ட் ஆகாது. சோக்கை இழுத்து, கிக்கரில் இரண்டு உதை. செல்ஃப் இருந்தாலும் குளிருக்குக் கிக்கர்தான் நல்லது, பெட்டரி பிழைக்கும். கிக்கர் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்.

அதிகம் செலவு வைத்தது செயின் செட்டும் டயரும். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கொட்டகலை, ஹட்டன், வட்டவளைப் பக்கம் நாள் முழுக்க மழைதான். தோட்டத்து ரோட்டுச் சேறு செயினில் ஒட்டி உரசித் தின்றுவிடும். கிழமைக்கு ஒரு தடவை மண்ணெண்ணெயில் துடைத்து ஒயில் போட்ட பிறகு செயினின் ஆயுள் நன்றாகவே கூடியது. பின் டயரை அடி தட்டையாகும் வரை வைத்திருக்க முடியாது. டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கத்து வளைவுகள் மழையில் எண்ணெய் பூசியதுபோல இருக்கும். டயரின் பூ (மேல் பள்ளங்கள்) பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுகிறேன். டயருக்குச் செலவழிக்கும் காசை அம்மா ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. டயர்க் காற்று முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்கு 28.

பிடிக்காதது இல்லை என்று சொல்ல மாட்டேன். வயதான வண்டி, ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பத்தனை சந்தியில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் பத்தடிகூடத் தெரிவதில்லை. கண்ணாடியை மாற்றிய பிறகு பரவாயில்லை. பனியில் நாம் பார்ப்பதைவிட நம்மைப் பின்னால் வரும் பஸ் பார்ப்பது முக்கியம் என்பதால் பின் விளக்கைத் தினமும் ஒரு தடவை தொட்டுத் துடைக்கிறேன். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச்சான்று) முத்திரை உள்ள ஹெல்மெட் இரண்டும், நல்ல மழைக்கோட்டும் பைக் விலையோடு சேர்ந்த செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2025 பெப்ரவரியில் இருந்து இறக்குமதி திறந்து புது வண்டிகள் வருகின்றன. புதிதாக எடுக்க வசதி உள்ளவர்கள் முன் டிஸ்க் உள்ள 125ஐப் பாருங்கள், எஃப்ஐ என்றால் இன்னும் நல்லது. என்னைப்போல எண்ணி எண்ணிச் சேர்க்கிறவர்களுக்கு நன்றாகப் பராமரித்த பழைய 125தான் இப்போதும் சரி. என் வண்டியை நான் விற்கப்போவதில்லை. தங்கச்சி லேர்னர்ஸ் எடுத்திருக்கிறாள், அவளுக்கு ஸ்கூட்டரில்தான் ஆசை. வாங்கும்போது பார்க்கலாம், அதுவரைக்கும் இதிலேயே பழகு என்றிருக்கிறேன். அவளுக்காகக் கிளச் கேபிளைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் பாடமாக, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள சின்ன இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல் இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.