ஆறு பழைய மூவிங் ஹெட், ஒரு ரிப்பேர் நோட்டு

இரண்டு வருடம் முன்பு ஒரு வாடகை லைட்டிங் கம்பெனி தன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டபோது, எங்கள் நாடகக் குழுவுக்காக ஆறு மூவிங் ஹெட் வாங்கினேன், அதாவது மோட்டார் வைத்துத் தலை தானாகத் திரும்பும் மேடை விளக்குகள். 230 வாட் டிஸ்சார்ஜ் பல்ப் (வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரிவது) போட்டு, ஒடுக்கமான கற்றையாக வெளிச்சம் அடிக்கும் பீம் லைட்டுகள். புதிதாக வாங்கினால் இரண்டு வரும் காசில் ஆறு வந்தது. வேனில் ஏற்றும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, விற்றவருக்கே கொஞ்சம் பாவமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் விளக்கு வாங்குபவர்கள் மேடையில் பீம் அடிக்கும் படத்தைப் போடுகிறார்கள். ரிப்பேர் பில்லைப் போடுவதில்லை. நான் போடுகிறேன். பணமாகச் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒரு விளக்கு வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கும் சேர்த்து 600. இனி வரும் செலவெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதல் தப்பு வாங்கிய இடத்திலேயே நடந்தது. மெனுவில் பல்ப் ஓடிய நேரத்தை மட்டும் பார்த்தேன். 40, 60, 85 மணிநேரம் என்று காட்டியது. பல்ப் அட்டையில் ஆயுள் 2000 மணிநேரம் என்று போட்டிருந்தது. ஆஹா, புது பல்ப் என்று நம்பிவிட்டேன். பல்ப் மாற்றும்போது அந்தக் கணக்கை நாமே பூஜ்யமாக்க வேண்டும், அதற்காகவே மெனுவில் வசதி உண்டு. பல்பை மாற்றாமலும் பூஜ்யமாக்கலாம்! அதற்கு இரண்டு வரி கீழே விளக்கு மொத்தமாக எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு இருக்கிறது. என் விளக்குகளில் அதை மெனுவிலிருந்து அழிக்க முடியாது. 7,400 என்று இருந்தது. ஃபேன், பெல்ட், மோட்டார், உள்ளே ஓடும் வயர் எல்லாம் அந்த 7,400 மணிநேரத்தைப் பார்த்தவை. ஆறில் நான்கு பல்புகள் மூன்று மாதத்துக்குள்ளேயே மங்கிப்போயின. ஒரு பல்ப் 25, ஆக 100. ஒரு விளக்கின் விலை பல்பிலேயே போயிற்று.

பழுது பார்க்க இரண்டு இடம் போனேன். ஒன்று கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சர்வீஸ் சென்டர். இன்னொருவர், வாடகைக் கம்பெனியில் இருபது வருடம் இருந்துவிட்டு இப்போது வீட்டு கராஜில் வேலை பார்க்கும் மெக்கானிக். இரண்டு பேரின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை எழுதியே ஆகவேண்டும்.

மூன்றாவது மாதம். நாடகம் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் 3-ஆம் எண் விளக்கு தானாக அணைந்துவிடும். டிஸ்சார்ஜ் பல்ப் சூடாக இருக்கும்போது உடனே மறுபடி பற்றாது. ஆறி வர வேண்டும், அதற்குள் காட்சி முடிந்துவிடும். மூன்று காட்சி இப்படிப் போனது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பார்ப்பதற்கே 10 வாங்கினார்கள். நான்கு நாள் கழித்து, "பாலஸ்ட் போயிருக்கு மேடம், மாத்தணும்" என்று 45-க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பாலஸ்ட் என்பது பல்பைப் பற்றவைத்து, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம். 45 என்றால் விளக்கின் விலையில் கிட்டத்தட்ட பாதி. திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, எர்ரர் கோடு அப்படித்தான் சொல்கிறது என்றார் கவுண்டரில் இருந்தவர்.

சரி என்று திரும்பத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எர்ரர் கோடெல்லாம் பார்க்கவில்லை. தலைப்பகுதி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார்.

"ஏம்மா, இதைத் திறந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"நான் வாங்கியே மூணு மாசம்தான் அண்ணா ஆச்சு."

"அப்ப வித்தவனும் திறக்கலை."

ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. பீம் கண்ணுக்குத் தெரிவதற்காக மேடையில் ஹேஸ் மெஷின் விடும் மெல்லிய புகையில் இருக்கும் பிசுபிசுப்பும் தூசியும் சேர்ந்து இறுகிப்போன சமாசாரம். ஒரு ஃபேன் சுற்றவே இல்லை. பல்ப் எரிகிறது, காற்று போகவில்லை, சூடு ஏறுகிறது, இருபது நிமிடத்தில் வெப்பப் பாதுகாப்பு சுவிட்ச் பல்பை அணைத்துவிடுகிறது. சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதற்குத்தான் பாலஸ்ட் மாற்றச் சொன்னார்கள். ஃபேனின் விலை 3.

அன்றைக்கு ஆறையும் சுத்தம் செய்யக் கொடுத்தேன். விளக்குக்கு 15 வீதம் 90. எட்டு ஃபேன் மாற்றியதில் 24. நிறம் மாற்றும் வட்டான கலர் வீலில் இருக்கும் டைக்ரோயிக் (ஒரு நிறத்தை மட்டும் விடும்) கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து வைத்தார். லென்ஸின் உள்பக்கத்தையும் துடைத்தார். துடைத்ததையும் துடைக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவரில் அடித்துக் காட்டியபோது எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. நான் மங்கிய பல்ப் என்று நினைத்து மாற்றிய நான்கில் ஒன்றிரண்டு, வெறும் அழுக்கு லென்ஸாக இருந்திருக்கலாம். அந்தப் பழைய பல்புகளை அதற்குள் நான் தள்ளிவிட்டிருந்தேன். (அவற்றில் பாதரசம் உண்டு, குப்பையில் போடக்கூடாது. தனியாக வாங்கிக்கொள்கிறவர்களிடம்தான் கொடுத்தேன், அந்த மட்டுக்கும் நல்ல பிள்ளை.)

பல்ப் பக்கம் போவதற்கு முன்னால் அவர் எனக்குப் போட்ட சட்டம்: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுதாக ஆறும் வரை பொறுமை. எரியும்போது உள்ளே அழுத்தம் அதிகம். ஆயுள் தாண்டிய பல்ப் சில நேரம் வெடிக்கும், வெடித்தால் பக்கத்தில் இருக்கும் ரிஃப்ளெக்டரும் போகும். விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பசையே பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியைக் கெடுக்கும். அப்புறம் இன்னொன்று: நாடகம் முடிந்ததும் மெயினை இழுத்து அணைக்கக்கூடாது. முதலில் கன்சோலில் (விளக்குகளை இயக்கும் பலகை) பல்பை அணைத்து, ஃபேன் ஒரு பத்து நிமிடம் ஓடி ஆறட்டும், அதற்குப் பிறகு மெயின். நாங்கள் மூன்று மாதமாகத் தேநீர் குடிக்கப் போகும் அவசரத்தில் மெயினைத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த விஷயம் என் மானம் போன விஷயம். 5-ஆம் எண் திடீரென்று துடிக்க ஆரம்பித்தது. தலை ஆடும், கலர் வீல் தானாகச் சுற்றும். மெக்கானிக் அண்ணா வெளியூர் போயிருந்ததால் மறுபடி சர்வீஸ் சென்டர். இன்னொரு 10. அவர்கள் மேஜையில் அது ஒழுங்காக வேலை செய்தது, "ப்ராப்ளம் எதுவும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அரங்கில் மாட்டினால் மறுபடி துடிப்பு. காரணம் பாதி நாங்கள்தான். கன்சோலின் கட்டளைகளை விளக்குக்குக் கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதில் எங்கள் பையன்கள் மைக் கேபிளைப் போட்டிருந்தார்கள், வரிசையின் கடைசி விளக்கில் டெர்மினேட்டரும் இல்லை. டெர்மினேட்டர் என்றால் பெரிய சாதனம் ஒன்றும் இல்லை. கனெக்டரின் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் நடுவே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் சிக்னல் கேபிள் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். மீதிப் பாதி, 5-ஆம் எண்ணில் சிக்னலை வாங்கும் எட்டுக் கால் சிப் ஒன்று பலவீனமாகியிருந்தது. சிப் 1, சாலிடரிங் கூலி 8. நியாயமாகச் சொன்னால், இதில் சர்வீஸ் சென்டர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. ஆனால் கேபிள் என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெல்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு விளக்கில் தளர்ந்தது, நடிகரின் முகத்தில் நிற்க வேண்டிய பீம் தோளில் நின்றது, மாற்றினோம். பொருள் 8, கூலி 20.

உயிரை எடுத்தது 2-ஆம் எண். தலை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது மட்டும், வெளிச்சத்தில் உருவங்களை விழவைக்கும் வட்டான கோபோ வீல் செத்துவிடும். அந்தக் கோணம் தாண்டினால் உயிர் வரும். மூவிங் ஹெட் பக்கவாட்டில் 540 டிகிரி, மேலும் கீழும் 270 டிகிரி அளவுக்குத் திரும்பும். அடிப்பாகத்திலிருந்து, தலையைத் தாங்கும் கைகள் வழியாகத் தலைக்குப் போகும் வயர்க் கட்டு அத்தனை முறையும் முறுக்கி அவிழ்கிறது. 7,400 மணிநேரம் முறுக்கினால் உள்ளே ஒரு கம்பி அறுந்து, தோல் மட்டும் மிச்சம் இருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முழு நாள் ஆனது. வயருக்கு 5, கூலி 35. நான் பேரம் பேசவில்லை. அவர் மல்ட்டிமீட்டரை ஒரு கையிலும் விளக்கின் தலையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, டிகிரி டிகிரியாகத் திருப்பியதை உட்கார்ந்து பார்த்தவள் நான். மூடுவதற்கு முன் எர்த் வயர் தொடர்பு சரியாக இருக்கிறதா என்றும் சோதித்தார். உலோக உடம்பு, உயரத்தில் தொங்குவது, ஏணியில் ஏறித் தொடுவது மனிதக் கை. சர்வீஸ் சென்டர் பில்லில் இந்தச் சோதனை ஒரு வரிகூட இல்லை.

6-ஆம் எண்ணுக்கு மெயின் போர்டு போயிற்று. அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், போர்டு எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது அது உதிரி பாகக் கடை. அதன் மோட்டார், லென்ஸ், ஃபேன் எல்லாம் மற்ற ஐந்துக்கும் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஆறு வாங்கினால் ஐந்து தொங்கும், ஒன்று அலமாரியில் இருக்கும் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லியிருந்தார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

போக்குவரத்து 30 சேர்த்து, நோட்டின் அடியில் வந்த கூட்டுத்தொகை 341. வாங்கியது 600. இதில் பொருளுக்குப் போனது 138தான், அதிலும் 100 பல்ப். மிச்சம் 203 கூலி, பார்ப்பதற்கான கட்டணம், வேன் வாடகை. பழைய விளக்கில் காசைத் தின்பது ஸ்பேர் என்று நினைத்திருந்தேன். என் நோட்டு வேறு சொல்கிறது. யாராவது உட்கார்ந்து திறந்து மூடும் நேரம்தான் தின்கிறது. அதனால் இப்போது சுத்தம் செய்வதை நானே கற்றுக்கொண்டேன், நான்கு மாதத்துக்கு ஒரு முறை. பாலஸ்ட் பக்கம் மட்டும் கை வைப்பதில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

மதிப்பெண் கேட்டால், விளக்குகளுக்கு ஐந்துக்கு மூன்று. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு, அதில் ஒன்று பில் தெளிவாக இருந்ததற்கு. மெக்கானிக்குக்கு நாலரை. அரை போனது அவர் போனை எடுக்காததற்கு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். அதே சமயம் ஒரு பள்ளி அரங்கில் கழித்துப்போட்ட பத்து ஹாலஜன் ப்ரொஃபைல் விளக்குகளும் (ஷட்டர் தகடுகளால் வெளிச்சத்தின் ஓரத்தை வெட்டி வடிவமைக்கும் விளக்குகள்) எங்களுக்கு வந்தன. மோட்டார் இல்லை, போர்டு இல்லை, ஃபேன் இல்லை. பல்ப் ஹோல்டர் கரிந்ததை நான்கில் மாற்றியதும், வளைந்த ஷட்டரைத் தட்டி நிமிர்த்தியதும்தான் வேலை. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 20 தாண்டவில்லை. 1992-இல் வந்த சோர்ஸ் ஃபோர் மாதிரி ப்ரொஃபைல் விளக்குக்கு இன்றும் ஸ்பேர் கிடைக்கிறது என்பது பெரிய நிம்மதி. பத்தில் ஒன்று மட்டும் ரொம்பப் பழசு, அதன் வயருக்கு வெள்ளையாக நெய்த உறை. அதைப் பார்த்ததும் மெக்கானிக் கையை எடுத்துவிட்டார். அந்தக் காலத்து விளக்குகளில் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் உறை போடுவார்கள், அதை வெட்டினாலோ உதறினாலோ இழை மூச்சில் போகும். பையில் போட்டுக் கட்டி, அப்படிப்பட்ட கழிவை எடுப்பவர்களிடம் கொடுத்தோம். இலவசமாக வந்ததைக் காசு கொடுத்து அனுப்பினோம்.

பழைய எல்இடி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பல்ப் செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் ஆயுள் என்று அட்டையில் போடும் பெரிய எண், பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான கணக்கு. அணையும் வரை இல்லை. என் தோழி எட்டு எல்இடி பார் (நீளப் பட்டை வடிவ விளக்கு) வாங்கி, ஒன்றில் எல்இடி போர்டை மட்டும் புதிதாக மாற்றினாள். இப்போது அது மட்டும் பளிச்சென்று, மற்ற ஏழும் நோயாளி மாதிரி. எட்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர கன்சோலில் புதியதைக் குறைத்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் இன்னொரு குழு பழைய மூவிங் ஹெட் எட்டு வாங்கப் போவதாக என்னிடம் கேட்டார்கள். மொத்த மணிநேரத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு மணிநேரம் தொடர்ந்து எரியவிடுங்கள், தலையை எல்லாக் கோணத்துக்கும் திருப்பிப் பாருங்கள், மெயின் போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள் என்று சொன்னேன். ஒரு மணிநேரமெல்லாம் எரிய விடமாட்டேன் என்கிறாராம் விற்பவர். வாங்காமல் வந்துவிட்டார்கள். அவர் எந்த மாடல் விற்கிறார் என்று நான் கேட்டுவைத்திருக்கிறேன். என் மாடலாக இருந்தால், ஒன்றே ஒன்றை மட்டும் உதிரிக்காகக் கேட்டுப் பார்க்கலாம்.