"புதிய வடிவில் வருகிறோம்" என்று உங்கள் தளம் அறிவிக்கிறதா? டிக் பயனர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பல வருடங்களாக லிங்க் போட்டு, பின்னூட்டம் எழுதி, விளம்பரக் குப்பையை அகற்றி நீங்கள் வளர்த்த செய்திப் பகிர்வுத் தளம் ஒன்று முழுதாக மாறப்போவதாக அறிவித்தால், முதலில் 2010 ஆகஸ்டில் டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஏமாந்தவர்கள் காசு கொடுத்த வாடிக்கையாளர்கள் அல்ல. சம்பளம் வாங்காமல் அந்தத் தளத்தின் முகப்பைத் தினமும் உருவாக்கிக்கொண்டிருந்தவர்கள். ரசீது இல்லாத உழைப்பு என்பதால் இழப்பீடு கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

டிக் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியின் லிங்க்கைச் சேர்க்கலாம். அது முதலில் புதுவரவுகளின் வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பொறுமையாக மேய்கிறவர்கள் நல்லதைத் தேர்ந்து வாக்களிப்பார்கள். போதுமான வேகத்தில் வாக்கு சேர்ந்தால் முகப்புக்கு ஏறும். பொய்ச் செய்தி, விளம்பரம், மறுபதிவு என்று பட்டால் 'புதை' பொத்தானை அழுத்தலாம்; போதுமான பேர் அழுத்தினால் லிங்க் மறைந்துவிடும். வரிசை, வாக்கு, புதைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் டிக். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

குறை இல்லாத தளம் அல்ல அது. முகப்பின் பெரும்பங்கைச் சில தீவிரப் பயனர்களே பிடித்துவைத்திருந்தார்கள். நண்பர்கள் கூட்டமாக வாக்குப் போடுவதும், பிடிக்காத கருத்தைக் கூட்டமாகப் புதைப்பதும் நடந்தன. நிர்வாகம் சரிசெய்ய நினைத்த நோய் உண்மையானது. கொடுத்த மருந்துதான் தவறு.

அந்த மக்கள் நிர்வாகத்தை நம்பியதற்கும் காரணம் இருந்தது. 2007 மே 1 அன்று எச்டி டிவிடி திரைப்பட வட்டுகளின் நகலெடுப்புப் பூட்டைத் திறக்க உதவும் மறைகுறி எண்ணை வெளியிட்ட பதிவுகளை, வழக்குக்கு அஞ்சித் தளம் நீக்கியது. பயனர்கள் அதே எண்ணால் முகப்பை நிரப்பினார்கள். நிறுவனர் கெவின் ரோஸ் இறங்கிவந்து, இனி நீக்குவதில்லை என்று அறிவித்தார். "நாம் சொன்னால் கேட்பார்கள்" என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. மூன்று வருடம் கழித்து அவர்கள் ஏமாந்ததும் அந்த எண்ணத்தில்தான்.

2010 ஆகஸ்ட் 25 அன்று நான்காம் பதிப்பு வெளியானது. ஒரே நாளில் புதை பொத்தான் போனது. புதுவரவு வரிசை போனது. உட்பிரிவுகளும், சேமித்துவைத்த விருப்பப் பதிவுகளும் போயின. உள்ளே வந்ததும் முதலில் தெரிவது எல்லோருக்கும் பொதுவான முகப்பு அல்ல, 'என் செய்திகள்' பக்கம். நீங்கள் பின்தொடர்கிறவர்கள் போடுவது மட்டும் அதில் வரும். இதோடு செய்தி நிறுவனங்கள் தங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை (ஒரு தளத்தின் புதிய கட்டுரைகளைத் தானாகவே வெளியே அனுப்பும் பட்டியல்) இணைத்துவிட்டால், அவர்கள் வெளியிடும் கட்டுரைகள் மனிதக் கை படாமல் தாமே தளத்தில் ஏறும் வசதியும் தரப்பட்டது.

இந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது என்ன ஆனது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் இதே கூட்டணி வேறு பெயர்களில் இன்றும் வரும். கணக்குத் தொடங்குகிறவருக்கு யாரைப் பின்தொடரலாம் என்று பரிந்துரைப் பட்டியல் காட்டப்படுகிறது. அதில் இருப்பவை பெரிய செய்தி நிறுவனங்கள். அவற்றுக்குப் பின்தொடர்வோர் குவிகிறார்கள். ஓடையிலிருந்து தானாக ஏறும் ஒவ்வொரு கட்டுரையும் அவ்வளவு பேர் பக்கத்திலும் உடனே விழுகிறது, முதல் வாக்குகள் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. அதே கட்டுரையைத் தேடிக் கண்டுபிடித்துப் போட வந்த பயனருக்கு "ஏற்கெனவே உள்ளது" என்ற பதில்தான் மிச்சம். யாரும் அறியாத சிறு தளத்திலிருந்து அவர் ஒரு நல்ல லிங்க்கைக் கொண்டுவந்தாலும், அந்நியர்கள் அதைச் சந்திக்கிற இடமான வரிசையே இல்லை. குப்பையைத் தள்ளப் பொத்தானும் இல்லை. ஆக, சேர்ப்பது, தேர்வது, தள்ளுவது ஆகிய மூன்று வேலைகளும் பயனரிடமிருந்து பிடுங்கப்பட்டன. சிலரின் ஆதிக்கத்தை உடைக்கிறோம் என்று தொடங்கியது, அந்த ஆதிக்கத்தைச் செய்தி நிறுவனங்களின் கையில் கொடுத்து முடிந்தது.

தொழில்நுட்பப் பக்கம் இன்னும் மோசம். தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல் என்ற மென்பொருளில் இருந்து கசாண்ட்ரா என்ற வேறொன்றுக்கு மாற்றும் வேலையை இதே வெளியீட்டோடு பிணைத்தார்கள். தளம் அடிக்கடி விழுந்தது; முதல் பக்கமாக வைத்த 'என் செய்திகள்' பகுதியே ஒழுங்காக ஓடவில்லை. "பழையதையே திருப்பிக் கொடுங்கள்" என்று மக்கள் கதறியபோது, அடித்தளமே மாறிவிட்டதால் திரும்ப முடியாது என்று பதில் வந்தது. தோற்றம், விதிகள், தரவுத்தளம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உடைந்தது என்று பிரித்தறிய முடியாது. பின்வாங்கவும் வழி இருக்காது. இதைச் செய்ய எந்தப் பயனரும் கேட்கவில்லை, விலையைக் கொடுத்தவர்கள் மட்டும் பயனர்கள்.

ஆகஸ்ட் 30ஐ 'டிக்கை விட்டு வெளியேறும் நாள்' என்று பயனர்கள் அறிவித்தார்கள். அந்த நாட்களில் டிக் முகப்பை அதன் போட்டித் தளமான ரெடிட்டின் லிங்க்குகளால் நிரப்பினார்கள். தானியங்கி ஓடைக்காகத் திறந்துவிட்ட கதவு வழியாகவே அதைச் செய்ய முடிந்தது. பிறகு வந்த தலைமை நிர்வாகி மாட் வில்லியம்ஸ் தவறுகளை ஒப்புக்கொண்டு, புதை பொத்தான் முதலியவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். காலம் கடந்துவிட்டது. அக்டோபரில் 67 ஊழியர்களில் 25 பேர் நீக்கப்பட்டார்கள். 2008இல் மட்டும் 2.87 கோடி டாலர் முதலீடு பெற்றிருந்த நிறுவனத்தின் பெயரும் தளமும் 2012 ஜூலையில் பீட்டாவொர்க்ஸ் என்ற நிறுவனத்துக்குச் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. புதிய உரிமையாளர் ஆறே வாரத்தில் தளத்தை அடியிலிருந்து மறுபடி கட்டி வெளியிட்டார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் பின்னூட்டப் பகுதியே இல்லை. உள்ளே நுழைய ஃபேஸ்புக் கணக்கு வேண்டும். பேசுவதற்காக வந்துகொண்டிருந்தவர்களுக்கு அங்கே இனி என்ன வேலை?

இப்படித்தான் ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2014 பிப்ரவரியில் புதிய வடிவத்தைத் திணிக்கப் பார்த்தபோது வாசகர்கள் ஒரு வாரம் புறக்கணித்தார்கள். பழைய வடிவம் அணைக்கப்படாமல் இருந்ததால் நிர்வாகத்தால் பின்வாங்க முடிந்தது. ரெடிட் 2018இல் தோற்றத்தை மாற்றியபோது பழைய தோற்றத்தைத் தனி முகவரியில் ஓடவிட்டது. பிடிக்காதவர்கள் திட்டினார்கள், ஆனால் போய்விடவில்லை.

ஆகவே மறுவெளியீட்டு அறிவிப்பு வந்தால் அதில் என்ன சேர்க்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதை நீக்குகிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது எழுதப்பட்டிருக்காது. சோதனைப் பதிப்பைத் திறந்து நீங்கள் தினமும் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால்தான் தெரியும். குறிப்பாகக் கீழ்வாக்கு (பிடிக்காததைக் கீழே தள்ளும் எதிர்வாக்கு), காலவரிசையில் புதுவரவு, பழைய பின்னூட்டங்களைத் தேடும் வசதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பழையதும் புதியதும் எத்தனை மாதம் சேர்ந்து ஓடும் என்று பொதுவில் கேளுங்கள். தேதி சொல்லாத பதில் "ஓடாது" என்ற பதில்தான். பழைய பதிவு முகவரிகள் புதிய இடத்துக்குத் திருப்பிவிடப்படுமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் வெளியே கொடுத்திருக்கும் லிங்க் எல்லாம் ஒரே நாளில் செத்துவிடும்.

புதிய தளம் திறந்த பிறகு முகப்பின் முதல் ஐம்பது பதிவுகளை எடுத்து, போட்ட கணக்குகளைத் திறந்து பாருங்கள். ஒரே கணக்கு ஒரே தளத்தின் லிங்க்கை மணிக்கொருதரம் போடுகிறதா, நூற்றுக்கணக்கில் வாக்கு இருந்தும் பின்னூட்டம் இரண்டு மூன்றோடு நிற்கிறதா என்று கவனித்தால், உள்ளே இருப்பது மனிதர்களா ஓடைகளா பாட்களா (மனிதர்போல் பதிவிடும் தானியங்கி நிரல்கள்) என்பது தெரிந்துவிடும். அது தெரியும் வரை வாழ்நாள் சந்தா, ஆரம்ப உறுப்பினர் கட்டணம் எதுவும் கட்டாதீர்கள்.

தரவை அறிவிப்பு வந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஏற்றுமதிப் பொத்தான் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15, 20 ஆம் பிரிவுகள் அந்த உரிமையைத் தருகின்றன. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கோப்பு வந்ததும் திறந்து பார்க்காமல் வைக்காதீர்கள். பெரும்பாலும் உங்கள் பின்னூட்டம் இருக்கும், அது எதற்குப் பதிலோ அந்தப் பின்னூட்டம் இருக்காது, அதனால் பாதி வாக்கியங்களுக்குப் பொருளே விளங்காது. முக்கியமான உரையாடல்களை முழுப் பக்கமாகத் தனியே சேமியுங்கள்; இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்தும் ஒரு பிரதி எடுத்துவைக்கலாம். கணக்கை அழிப்பதானால் இவையெல்லாம் முடிந்த பிறகுதான்.

குழுக்களை மேற்பார்வையிடும் மாடரேட்டர்களுக்கு வேலை கூடுதல். குழுவின் விதிகள், உதவிப் பக்கங்கள், தானியங்கி வடிகட்டியின் அமைப்பு, தடைப் பட்டியல் ஆகியவை தனிநபர் ஏற்றுமதியில் வராது. கையால் நகலெடுக்க வேண்டும். மாற்று இடத்தை முன்பே திறந்து, அதன் முகவரியைப் பழைய குழுவின் மேலேயே நிலையாக ஒட்டிவையுங்கள். வெளியீட்டு நாளன்று அந்த ஒட்டும் வசதி உங்கள் கையில் இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.