இன்ஜின் கசடு: ஃபிளஷ் ஊற்றவா, சம்ப்பைக் கழற்றவா?

ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் கசடு கட்டிவிட்டால் திருநெல்வேலியில் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். ஃபிளஷ் (கசடைக் கரைக்கும் திரவம்) ஊற்று, டீசல் ஊற்றிக் கழுவு, அடிக்கடி ஆயில் மாற்று, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கிச் சுத்தம் பண்ணு. எந்த இன்ஜினுக்கு எது என்று பார்க்காமல் கையில் கிடைத்ததை ஊற்றினால், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினும் போய்விடும்.

அதனால் முதலில் கசடு எவ்வளவு என்று பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தையும், டார்ச் அடித்து உள்ளேயும் பார்க்கலாம். முடிந்தால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள், பெரும்பாலான வண்டிகளில் பெரிய வேலை இல்லை. டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். புகைக்கரியைத் தனக்குள் தாங்கி வைத்திருப்பது ஆயிலின் வேலை. கறுப்பாக இருந்தாலும் ஓடினால் சரி, தார் மாதிரி அப்பிக்கொண்டு வழியாமல் நின்றால்தான் கசடு. மூடிக்கு அடியில் வெளிர் நிறத்தில் குழைவாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது கூலன்ட் குறைகிறதா என்று பார்த்து, ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டுதான் மற்றது.

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் லோடு வண்டிக்காரர் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து ஆயில் மாற்றிவிடுவார். மாட்டிக்கொள்வது பாளையங்கோட்டை வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய்வரும் பெட்ரோல் கார்தான். அஞ்சாறு கிலோமீட்டரில் ஆயில் நன்றாகச் சூடேறாது, உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிக் கெடுக்கும். ஓட்டமே இல்லையே, எதற்கு ஆயில் என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ஃபிளஷ். பழைய ஆயிலோடு கலந்து, டப்பாவில் போட்ட நேரம், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம், ஐடிலில் ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், சூட்டோடு இறக்கிவிட வேண்டும். மெல்லிய பழுப்புப் படிவம் மட்டும் இருக்கிற இன்ஜினுக்கு இது நல்ல வழி. கனமாக அப்பியிருந்தால் நிச்சயம் வேண்டாம். ஆயில் போகிற பாதையைப் பாருங்கள்: சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலை, பிறகு பம்ப், அதற்கு அப்புறம்தான் பில்டர். பெயர்ந்து விழும் கசடுத் துண்டு முதலில் போய் ஒட்டுவது ஸ்ட்ரெய்னர் வலையில். புது பில்டர் போட்டிருக்கிறோமே என்கிற தைரியத்துக்கு இங்கே அர்த்தமே இல்லை, வலை அடைத்தால் பம்புக்கே ஆயில் வராது, பிறகு கிராங்க் பேரிங்கும் டர்போவும் காய்ந்து தேயும்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவதை நான் ஒரு வண்டிக்கும் சொல்லமாட்டேன். ஆயிலின் கனம் குறைந்து பேரிங்குக்கு நடுவே நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். இறக்கினாலும் முழுசாக இறங்காது. உள்வழிகளில் மிஞ்சி நின்று அடுத்து ஊற்றும் புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும்.

அடிக்கடி ஆயில் மாற்றுவது மெதுவான வழி, ஆனால் நடுத்தரக் கசடுக்கு எனக்குப் பிடித்த வழி. கம்பெனி சொன்ன கிரேடில் ஆயிலும் புது பில்டரும் போட்டு 1000 கிலோமீட்டரில் இறக்குங்கள், அடுத்தது 2000, அப்புறம் 3000. நல்ல ஆயிலில் இருக்கும் அழுக்கு நீக்கும் சேர்மானம் கசடைத் துண்டாகப் பெயர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும். நாள் பிடிக்கும், ஆயில் செலவும் சேரும். இடையில் ஒரு தரம் தென்காசி வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வந்தால் இன்ஜினுக்கு ரொம்ப நல்லது.

சம்ப்பைக் கழற்றுவதுதான் கனமான கசடுக்கு வழி. சூடான இன்ஜினில் ஐடிலில் டாஷ்போர்டின் ஆயில் விளக்கு மினுக்கினால் வேறு யோசனையே வேண்டாம், ஆயில் அளவைப் பார்த்துவிட்டு நேரே சம்ப்தான். நான்குவழிச் சாலையில் வள்ளியூர் தாண்டும்போது சிவப்பாக எரிந்தால் நாகர்கோவில் போய்ப் பார்த்துக்கலாம் என்று ஓட்டாதீர்கள்; அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள். இழுவைக் கூலி இன்ஜின் வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சில கார்களில் சம்ப்புக்குக் கை போக கீழ் பிரேமையே இறக்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். இருந்தாலும் வலையைக் கண்ணால் பார்த்துக் கழுவ முடிகிற ஒரே வழி இது என்பதால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன். அதோடு இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மாற்றிவிடுங்கள், அது அடைத்திருந்தால் கசடு திரும்பவும் கட்டும்.

திரும்ப மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சம்ப் கசியாமல் ஒட்டும் சிலிகான் பேஸ்டை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கும் நூல் அறுந்து அதே ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். "அண்ணாச்சி, பேஸ்ட்ட கம்மியா போடுங்க, காஞ்ச பெறவு ஆயில் ஊத்துவோம்" என்று சொல்லுங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.